மாற்ற வாசல்

நிலக்கரி மின்நிலையத்தை மூடிய அன்று இரண்டு பேர் அழுதார்கள். ஒருவர் வாசல் காவலர். இனிமேல் எதைக் காவல் காப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மற்றவர் மாற்றத் துறையின் இயக்குநர். அவர் ஆனந்தத்தில் அழுதார். மேடையில், மைக்குக்கு முன்னால், கைக்குட்டையை முன்கூட்டியே நான்காக மடித்து வைத்துக்கொண்டு அழுதார்.

பாய்லர்காரர் அழவில்லை. இருபத்தாறு வருஷம் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அழுத்தமானிகளின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். முள் ஏறினால் வால்வைத் திருப்புவார், இறங்கினால் ஆள் அனுப்புவார். புகை கெடுதல் என்பதை அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மொட்டைமாடியில் காயப்போட்ட துணியை எடுத்து மறுபடி துவைத்த வீடு அவருடையது. மூட வேண்டியதுதான் என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். மூடிய பிறகு சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதைத்தான் அவர் யோசிக்காமல் விட்டிருந்தார்.

அதைத் துறை யோசித்திருந்தது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இங்கே வேலை செய்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட விடுபட மாட்டார், ஒவ்வொருவரும் பசுமைத் தொழிலுக்கு மாற்றப்படுவார் என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். வரிசையில் நின்று விண்ணப்பம் நிரப்பினார்கள். பாய்லர்காரரின் தங்கை கணவரும் நிரப்பினார். அவர் நிலக்கரியைக் கொண்டுபோகும் பெல்ட்டில் பத்தொன்பது வருஷம் நின்றவர். சட்டைப் பையில் கைக்குட்டை வைத்தால் மாலைக்குள் அது கரித்துணி ஆகிவிடும்.

மூன்று வாரம் கழித்து, பாய்லர்காரர் வீட்டு வாசலில் துறையின் கார் வந்து நின்றது. அவரை மட்டும்தான் கூப்பிட்டிருந்தார்கள். ஏன் அவரை என்பதைப் பிற்பாடு துறையின் எழுத்தர் விளக்கினார். விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த இருநூற்றுப் பன்னிரண்டு படங்களில் கண் திறந்திருந்தவை நாற்பது, அந்த நாற்பதில் சிரித்த முகம் ஒன்றே ஒன்று. உண்மையில் அது சிரிப்பல்ல. படமெடுக்கும்போது வந்த தும்மலை அடக்கிய முகம். ஆனால் தேர்வான பிறகு தும்மலைப் பற்றிப் பேசுவது மரியாதை இல்லை என்று அவர் சும்மா இருந்துவிட்டார்.

துறைக் கட்டடம் மூன்று மாடி. லிப்ட் இருந்தது. கரிமத்தைக் குறைப்பதற்காகப் பொதுமக்களுக்கு அதை நிறுத்தியிருந்தார்கள். அதிகாரிகளுக்கு ஓடும், ஏனென்றால் அவர்கள் சீக்கிரமாக மேலே போய்க் கரிமத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. பாய்லர்காரர் மூச்சு வாங்க ஏறி இயக்குநர் முன்னால் நின்றார். இயக்குநர் அவரை மேலும் கீழும் பார்த்தார். அந்த முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

"என்ன, இவ்வளவு சுத்தமா இருக்கீங்க? நீங்க நிஜமாவே நிலக்கரியில வேலை செஞ்சவர்தானா?"

பாய்லர்காரர் கண்ணாடி அறையைப் பற்றிச் சொன்னார். கரியோடு மல்லுக்கட்டியவர்கள் பெல்ட்டில் நின்றவர்கள், தன் தங்கை மாப்பிள்ளையே அதில் ஒருவர், வேண்டுமானால் அவரை அழைத்து வருகிறேன் என்றார். இயக்குநர் தலையசைத்துக் கேட்டுவிட்டு, தேர்வுக் கோப்பில் ஏற்கனவே கையெழுத்தாகிவிட்டது, ஆளை மாற்ற முடியாது, ஆளின் நிறத்தை வேண்டுமானால் மாற்றலாம் என்றார்.

மாற்றத்துக்கு முன், மாற்றத்துக்குப் பின் என்று இரண்டு படம் தேவைப்பட்டது. முன் படத்துக்குக் கரி வேண்டும். மின்நிலையத்தில் இருந்த கரியைக் கூட்டிப் பெருக்கிக் கழுவிவிட்டிருந்தார்கள். கடைசியில் எழுத்தர்தான் ஜெராக்ஸ் மெஷினில் போடும் கறுப்புப் பொடியைக் கொண்டுவந்து, நெற்றியிலும் கன்னத்திலும் பாந்தமாகப் பூசினார். பின் படத்துக்கு முகத்தைத் துடைத்து, பச்சை உடுப்பும் மஞ்சள் ஹெல்மெட்டும் மாட்டி, மொட்டைமாடியில் இருந்த சோலார் பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். பலகையிலிருந்து ஒரு வயர் கீழே தொங்கி, எதிலும் சேராமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இது ஓடுகிறதா என்று பாய்லர்காரர் கேட்டார். இணைப்புக்கு எழுதியிருக்கிறது, விண்ணப்பத்தை வெள்ளைத் தாளில் எழுதிவிட்டார்கள், பச்சைத் தாளில் மறுபடி எழுத வேண்டும் என்றார் எழுத்தர். தொட்டுப் பார்க்கக் கை நீட்டியபோது, கைரேகை விழும் என்று தடுத்துவிட்டார்.

"பயிற்சி எப்ப சார் ஆரம்பிக்கும்?"

"முடிஞ்சிருச்சே" என்றார் இயக்குநர், அவர் தோளில் கைபோட்டு. சூரிய மின் தொழில்நுட்பர், முதல் நிலை என்று அச்சடித்த சான்றிதழைக் கையில் கொடுத்தார்.

அன்று வீட்டுக்குப் போனபோது காதுமடலில் பொடி மிச்சமிருந்தது. மனைவி ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. "இருவத்தாறு வருஷம் வேலைக்குப் போயி ஒரு நாள் இப்படி வந்ததில்ல. வேலை போனப்புறம் எங்க போய்க் கறுத்துட்டு வர்றீங்க?" என்று கேட்டாள். அவர் சான்றிதழைக் காட்டினார். அவள் அதைப் படித்துவிட்டு, அப்ப வீட்டு பியூஸ் போனா இனிமே நீங்களே பாப்பீங்களா என்று கேட்டாள். அவர் சான்றிதழைச் சுருட்டிக் காலண்டருக்குப் பின்னால் செருகினார்.

அதன்பின் செவ்வாயும் வெள்ளியும் கார் வந்தது. மாற்றத்தைப் பார்க்க வங்கிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் விருந்தினர்கள் வந்தபடி இருந்தார்கள். படத்தைக் காட்டினால் அவர்களுக்கு மனம் நிறையவில்லை. ஆகவே துறையின் கூட்ட அரங்கில் ஒட்டுப்பலகையால் ஒரு வாசல் செய்து, மாற்ற வாசல் என்று எழுதி வைத்தார்கள். பாய்லர்காரர் இடப்பக்கமாகக் கறுத்த முகத்தோடு தலைகுனிந்து உள்ளே போவார். பலகைக்குப் பின்னால் இரண்டு பேர் அவர் முகத்தை எண்ணெய் போட்டுத் துடைத்து, பச்சை உடுப்பை மாட்டுவார்கள். ஒன்றரை நிமிஷத்தில் வலப்பக்கமாகத் தலைநிமிர்ந்து வெளியே வருவார். விருந்தினர்கள் எழுந்து தட்டுவார்கள். சில நாள் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம், டீக்குப் பிறகு இன்னொன்று. ஒரே நாளில் நான்கு தடவை மாறியதும் உண்டு. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு, வெளியே வரும்போது எந்தக் கணத்தில் முகத்தை நிமிர்த்தினால் கைதட்டல் கூடும் என்பது அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அழுத்தமானி பார்த்த கண் அல்லவா!

ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் எழுத்தர் ஒரு பெரிய பதிவேட்டை விரித்து, கையெழுத்துப் போடச் சொல்வார். வரிசையின் இடப்பக்கத்தை ஒரு நீளமான ஸ்கேலால் மறைத்திருப்பார். மை கலையாமல் இருப்பதற்கு என்பார். பாய்லர்காரர் கோணாமல் கையெழுத்துப் போடுவார். அவர் கையெழுத்து நன்றாக இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஸ்கேல் நழுவியது. எழுத்தர் பேனாவுக்கு மை தேடித் திரும்பியிருந்தார். மறைந்திருந்த இடத்தில் ஒரு பெயரும் ஒரு எண்ணும் இருந்தன. பெயர், மின்நிலையத்தில் கிரேன் ஓட்டியவருடையது. அதற்கு மேல் வரிசையில் சாம்பல் அள்ளியவரின் பெயர். அவற்றுக்கு நேராக, அழகாக, தன் கையெழுத்து.

அவர் செய்தது இதுதான். எழுத்தர் திரும்புவதற்குள், ஒரு விரலால் ஸ்கேலைத் தள்ளிப் பழைய இடத்திலேயே நேராக வைத்தார். யாரும் சொல்லவில்லை, அவராகவே வைத்தார். வெளியே கார் நின்றிருந்தது. தெருவில் இறங்கும்போது எதிர்வீட்டுக்காரர் எழுந்து நின்று வணக்கம் சொல்வார். வேலை போய் வீட்டில் குந்தியிருந்த அந்த மூன்று வாரமும் அதே மனிதர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டவர். அன்று காரில் போகும்போது பாய்லர்காரர், அதில் ஏதாவது அலுவலகக் காரணம் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காரணம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

மாப்பிள்ளை ஞாயிறு தோறும் வருவார். சும்மா வரமாட்டார். மகளின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் மின்சாரப் பாடத்தைப் படித்து, சந்தேகங்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வருவார். வீட்டு மேஜை விசிறியைக் கழற்றி மாட்டிவிட்டார், அக்கம்பக்கத்து விசிறிகளையும் சரிசெய்து கொடுத்திருக்கிறார். தொடர் இணைப்பில் ஒரு பலகை கெட்டால் எல்லாம் நின்றுபோகுமா என்று கேட்பார். முதல் நிலைத் தொழில்நுட்பர் திருதிருவென விழிப்பார். கடைசியாக, போகும்போது, மாப்பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்பார்.

"என் பேரு எப்ப வரும் மச்சான்? நீங்க உள்ளதான இருக்கீங்க."

"வரிசையா வந்துட்டிருக்கு மாப்ள. வரும்."

ஸ்கேல் நழுவிய பிறகும் இதையேதான் சொன்னார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவர் செருப்பைப் பார்த்துச் சொன்னார்.

எட்டு மாதம் ஆனது. காத்திருந்து சலித்த மாப்பிள்ளை, மச்சானுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று ஒரு புதன்கிழமை தானே துறைக்குப் போனார். மூன்று மாடி ஏறினார். எழுத்தர் அவர் எண்ணைக் கேட்டு, பதிவேட்டைப் புரட்டி, வாழ்த்துச் சொன்னார். ஐயா, நீங்கள் போன மாதமே மாறிவிட்டீர்களே, இதோ கையெழுத்து.

அங்கிருந்து மாப்பிள்ளை நேராகப் பாய்லர்காரர் வீட்டுக்கு வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தால் கத்தவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பாய்லர்காரரின் மனைவி கொடுத்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"என் பேருக்கு நேரா உங்க கையெழுத்து மச்சான். எங்க கல்யாணப் பதிவுல சாட்சியா நீங்க போட்டதப் பாத்திருக்கேன், அதான் அடையாளம் தெரிஞ்சுது. ஏதோ தப்பு நடந்திருக்கு. உங்களுக்குத் தெரியாமதான நடந்திருக்கும்?"

தெரியாது என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் மாப்பிள்ளை நம்பியிருப்பார். அவர் முகமே அதைக் கேட்டுக் கெஞ்சியது. பாய்லர்காரருக்கு அந்தப் பொய்யும் வரவில்லை, உண்மையும் வரவில்லை. மாப்பிள்ளை தம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். பாய்லர்காரரின் மனைவி தம்ளரை எடுத்தாள். அந்தத் தண்ணீரை வாசலில் கொட்டினாள்.

மறுநாள் பாய்லர்காரர் கார் வராத நாளில், பஸ் பிடித்து, இயக்குநர் அறைக்குப் போனார். வாழ்நாளில் முதல்முறையாக அதிகாரியின் மேஜைமேல் கை வைத்துப் பேசினார். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பதிலாக ஒரே ஆளை மாற்றிக் கணக்குக் காட்டுகிறீர்களே, இது அடுக்குமா என்று கேட்டார். இயக்குநர் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். தேநீர் வரவழைத்தார். குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கினார்.

"பாருங்க, நாங்க ஆளை எண்றதில்ல, மாற்றத்தை எண்றோம். ஆளை எண்றது ரொம்பக் கஷ்டம். வீடு மாறிப் போயிடுறாங்க, நோயில படுத்துடுறாங்க, கேள்வி கேக்குறாங்க. மாற்றம் கேள்வி கேக்காது. இருநூத்துப் பன்னெண்டு மாற்றம்னு எழுதினோம், இருநூத்துப் பதினொண்ணு ஆயிருச்சு. இதுல பொய் எங்க இருக்கு?"

என் மாப்பிள்ளைக்கு வேலை எங்கே இருக்கிறது என்று பாய்லர்காரர் கேட்டார்.

இயக்குநரின் முகம் இளகியது. "உங்க மாப்பிள்ளையப் பத்தி நானே சொல்லணும்னு இருந்தேன். இப்ப என்ன செய்றார்? வீட்ல இருக்கார். வண்டி எடுக்கிறதில்ல. புதுசா எதுவும் வாங்குறதில்ல. ராத்திரி சீக்கிரமே விளக்க அணைச்சிடுவார், சரிதானே? எங்க கணக்குப்படி இந்த நாட்டுலயே ரொம்பக் குறைவாக் கரிமம் விடுற குடிமகன் அவர்தான். நானே அந்த அளவுக்கு வர முடியல, வீட்ல மூணு ஏசி ஓடுது. அவ்வளவு உயரத்துக்குப் போனவருக்கு ஒரு வேலையக் குடுத்து, கீழ இழுக்கச் சொல்றீங்களா?"

சொல்லும்போது அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. பாய்லர்காரருக்கு அதுதான் பயமாக இருந்தது.

நாளை வெள்ளிக்கிழமை நிறைவு விழா என்றும், கடைசி மாற்றம் நடந்தால்தான் திட்டம் முழுமை பெறும் என்றும், முழுமை பெற்றால்தான் இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி வரும் என்றும், இரண்டாம் கட்டத்தில் ஆட்களைப் பற்றியும் பரிசீலிக்கலாம் என்றும் இயக்குநர் சொன்னார். நீங்கள் வராவிட்டால் உங்கள் மாப்பிள்ளை வாய்ப்பைக் கெடுத்தவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள் என்றார். பாய்லர்காரர் படியிறங்கினார். போகக்கூடாது என்று முதல் மாடியில் முடிவு செய்தார். போய் மைக்கில் உண்மையைப் போட்டு உடைத்துவிட வேண்டும் என்று தரைத்தளத்தில் முடிவு செய்தார்.

விழா நகரத்தின் பெரிய அரங்கில் நடந்தது. முன்வரிசைகளில் வங்கிக்காரர்களும் வெளிநாட்டு விருந்தினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் நாற்காலிகள் காலியாகத் தெரியக்கூடாது என்று, பயனாளிகள் என்ற பெயரில் மின்நிலையத்தின் பழைய ஆட்களுக்கும் அழைப்பு அனுப்பியிருந்தார்கள். அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். தங்கள் மாற்றத்தைப் பார்க்க. கடைசி வரிசையில் மாப்பிள்ளை இருந்தார்.

பாய்லர்காரர் கறுப்புப் பொடி பூசிய முகத்தோடு மேடைக்கு வந்தார். மாற்ற வாசலுக்குள் நுழையவில்லை. நேராக மைக்குக்குப் போனார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் ஒண்ணு சொல்லணும். இதுல மாறினதாச் சொல்ற இருநூத்துப் பன்னெண்டு பேர்ல யாருமே மாறல. ஒவ்வொரு தடவையும் உள்ள போயிட்டு வந்தது நான். அந்த இருநூத்துப் பன்னெண்டு பேரும் நான்தான்."

வெளிநாட்டு விருந்தினர்களுக்கு இயக்குநரே மொழிபெயர்த்துச் சொன்னார். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னதைப் பார்த்துப் பாய்லர்காரருக்கே, அது தன் பேச்சுதானா என்று சந்தேகம் வந்தது. விருந்தினர்களில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்தபடி எழுந்தார். பிறகு வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். தமிழ் புரிந்த வங்கிக்காரர்களும், புரியாதவர்கள் இவ்வளவு தட்டும்போது நமக்குத்தான் புரியவில்லை போலிருக்கிறது என்று எழுந்து தட்டினார்கள். பாய்லர்காரர் கையை ஆட்டி, இல்லை இல்லை, நான் சொல்வது பொய்க் கையெழுத்தைப் பற்றி என்றார். தட்டல் இன்னும் கூடியது. மைக்கை அணைத்துவிட்டார்கள். அவர் வாயசைவது மட்டும் தெரிந்தது.

பின்வரிசைகளில் ஒருவரும் தட்டவில்லை. அவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து, சத்தமில்லாமல், பக்கக் கதவு வழியாக வெளியேறினார்கள். மாப்பிள்ளை எந்தக் கணத்தில் போனார் என்பதை அவரால் பார்க்க முடியவில்லை. நடுவில் படக்காரர்கள் நின்றிருந்தார்கள்.

மேடைக்குப் பின்னால் எழுத்தர் பதிவேட்டோடு காத்திருந்தார். எல்லாத் தொழிலாளர்களும் ஓருயிர் என்று நீங்கள் சொன்னதாக இயக்குநர் மொழிபெயர்த்துவிட்டார், அருமை சார் என்று கைகொடுத்தார். பதிவேட்டில் இன்றைக்கு ஸ்கேல் இல்லை. கடைசி வரிசையில் பாய்லர்காரரின் சொந்தப் பெயர் இருந்தது. முதல்முறையாக அவருடைய இடத்தில் அவரே போடலாம் என்றார் எழுத்தர். பாய்லர்காரர் பேனாவை வாங்கவில்லை. எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே வண்டி காத்திருந்தது. ஆகவே அவரே குனிந்து, பாய்லர்காரரின் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதினார்.

இருநூற்றுப் பன்னிரண்டு முடிந்தது.

பாய்லர்காரர் துறையின் காரில் ஏறவில்லை. முகத்தைக்கூடத் துடைக்காமல் தங்கை வீட்டுக்கு நடந்தார். அரைமணி நேர நடை. வழியில் பார்த்தவர்கள், எங்கோ கரி வேலைக்குப் போய்த் திரும்புகிற ஆள் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கதவைத் திறந்தது தங்கை. வாங்கண்ணா என்று சொல்லவில்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவள் அதைச் சொல்லாமல் இருந்ததில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. "மச்சானுக்கு உக்கார எடம் குடு." அவள் விலகினாள்.

உட்கார்ந்ததும், கேட்பதற்குள், சொல்லிவிட்டார். ஸ்கேல் நழுவியதைச் சொன்னார். கிரேன் ஓட்டியவர் பெயரைப் பார்த்ததைச் சொன்னார். ஸ்கேலைத் தானே நேராக வைத்ததையும் சொன்னார். அதைச் சொல்லும்போது அந்த விரலை இன்னொரு கையால் மூடிக்கொண்டார். தங்கை சுவரைப் பார்த்தாள். மாப்பிள்ளை கடைசிவரை கேட்டார். பிறகு, வேறு பேச்சுப் போல, திங்கள்கிழமையிலிருந்து ஊருக்கு வெளியே செங்கல் சூளையில் வேலைக்குச் சேருவதாகச் சொன்னார். விறகும் பழைய டயரும் போட்டு எரிப்பார்களாம். வாய்க்குத் துணி கட்டிக்கொள்ள வேண்டுமாம்.

"பழைய வேலைதான் மச்சான். எரிக்கிறதுதான்."

பாய்லர்காரர் பதறிவிட்டார். வேண்டாம் மாப்ள, நாளைக்கே துறைக்குப் போவோம், நானும் வருகிறேன், எல்லோர் முன்னாலும் நின்று சொல்கிறேன், பதிவேட்டைத் திறக்க வைக்கிறேன், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன் என்றார். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்தது. மாப்பிள்ளை கையைத் தூக்கி அமர்த்தினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"துறைக்கு நான் போய்க்கிறேன். நீங்க மட்டும் வராதீங்க மச்சான். நீங்க வந்தா அவங்க கை தட்டுவாங்க."

பாய்லர்காரர் எழுந்தார். தங்கை வாசல்வரை வந்தாள். பொழுது இன்னும் இருந்தது. கிரேன் ஓட்டியவர் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார். அவள் கையை நீட்டி, அடுத்த தெருவில் மூன்றாவது வீடு என்று காட்டினாள். அவர் அந்தப் பக்கம் திரும்பி நடந்தார். அதையும் சேர்த்து, போய்ச் சொல்ல இன்னும் இருநூற்றுப் பத்து வீடுகள் இருந்தன.